நோட்டுப் புத்தகத்தில் பேசிய பிள்ளை

அழகான கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. போன வாரம் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். உறையின் மேல் 'முரியல் டக்ளஸ்' என்று என் பெயரை முத்து முத்தாக எழுதியிருந்தார். வாங்கி அப்படியே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். பாவம், அந்த மனிதருக்கு என்ன தெரியும்.

என் தொழில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது. கோல சிலாங்கூரில் ஒரு கடை வரிசையில், சலவைக் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவில் எங்கள் மையம் இருக்கிறது. பேச்சு வராத பிள்ளைகள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள், வயதுக்கேற்ற வளர்ச்சி பிந்திய பிள்ளைகள் வருவார்கள். செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் நான் அங்கே. மற்ற நாள்களில் பத்தாங் காலியில் இன்னொரு மையத்துக்கு ஓடவேண்டும். ஆக, இரண்டு நாளில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் இடம். வெளியே காத்திருக்கும் பட்டியலில் முப்பத்தோரு பெயர்.

சீக்கிரம் கொண்டுவாருங்கள், இரண்டு வயதிலேயே கொண்டுவாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். கேட்டால்தானே! "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும் டீச்சர், அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு" என்று சொல்லாத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நாக்கில் வசம்பைத் தேய்த்தவர்கள், தங்க மோதிரத்தைத் தேனில் உரசித் தடவியவர்கள், கைத்தொலைபேசியைப் பிள்ளை மடியில் போட்டுவிட்டு "இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேக்குறான்" என்று பெருமையடித்தவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. எரிச்சல் வரும், திட்டுவேன், பிறகு பிள்ளையைப் பார்த்து அடங்கிவிடுவேன்.

ஆனால் தம்பிராஜாவைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் வந்தார். எழுபத்தாறு வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஓடிகோலோன் வாசம். முப்பத்தைந்து வருஷம் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மனைவி இல்லை. மகன் சாந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் இரண்டு தடவைதான் வருவார். மருமகள் ரூபிணி புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக ஆபீசில் இருக்கிறாள், விடியற்காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். பேரனைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது இவர்தான்.

பேரன் பெயர் கோகிலன். அப்போது இரண்டு வயது எட்டு மாதம். சுருட்டை முடி, கன்னத்தில் குழி, அள்ளிக்கொள்ளலாம் போல இருப்பான். ஒரு சொல் வராது. விரலை நீட்டிக் காட்டவும் தெரியாது. ஏதாவது வேண்டுமென்றால் நம் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியை எடுப்பது போல எடுத்து, அந்தப் பொருளின் மேல் கொண்டுபோய் வைப்பான். மின்விசிறி வேண்டுமென்றால் நம் கை சுவிட்சின் மேல். அவ்வளவுதான் அவனுடைய பாஷை.

தம்பிராஜா அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் கேட்டார்.

"பிள்ளை, நீர் எந்த எஸ்டேட்?"

"இப்ப தாமான் வீட்டுலதாங்க ஐயா இருக்கோம்."

"இப்ப இல்லை. முந்தி."

சொன்னேன். ஈஜோக் பக்கம் இருந்த தோட்டம். இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன.

"ஓ," என்றார்.

அந்த ஒரு 'ஓ'வில் என்னை எந்த லயத்து வீட்டில், எந்தக் கதவுக்குப் பின்னால் வைக்கவேண்டுமோ அங்கே வைத்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றுகொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். என் அறையில், என் நாற்காலியை விட்டு எழுந்து! பல்கலைக்கழகத்தில் படித்து வாங்கிய சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது புரியாது. அங்கே காலையில் பெரட்டு நடக்கும். ஆள்கள் வரிசையாக நிற்க, கிராணி ஒரு பெரிய புத்தகத்தில் பெயர் போடுவார். செக்ரோல் என்பார்கள். பெயர் விழுந்தால்தான் அன்றைக்கு அவன் ஆள். என் அப்பா ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்துவிட்டு நான்காம் நாள் பெரட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த கிராணி முந்தின மாலையே பக்கத்தை நிரப்பி, அப்பா பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டுவிட்டார். "ஐயா, நிக்கிறேங்களே" என்றாராம் அப்பா. "புத்தகத்தில நீ இல்லையே" என்றாராம் கிராணி. அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமே வராது, அதுதான் எனக்கு ஆத்திரம். எழுதியதுதான் நடந்தது, அவருக்கு. நான் படித்தவள், எனக்கு அப்படியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் வருகிற எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்பேன். பட்டியலில் காத்திருப்பவர்களுக்கும்தான். வாரத்தில் முக்கால் மணி நேரம்தான் பிள்ளை என்னோடு இருக்கிறது, மிச்ச வாழ்க்கை வீட்டில். அதனால் ஒரே ஒரு விதி: பிள்ளை தானாகச் சொன்ன சொல்லை மட்டும் எழுதுங்கள், எப்போது, எங்கே என்று எழுதுங்கள். சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.

அமராவதி என்று ஒரு பெண், செம்பனைத் தோட்டத்தில் வேலை. அவள் மகள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். அமராவதியின் நோட்டில் எண்ணெய்க் கறையும் பென்சில் கிறுக்கலும்தான் இருக்கும். 'ஒன்னும் சொல்லல.' மறுநாள், 'ஒன்னும் சொல்லல.' இன்னொரு நாள், 'இன்னிக்கும் ஒன்னும் சொல்லல. நாய பாத்து சிரிச்சா.' பதின்மூன்று நாள் இப்படி. நான் சலிப்போடு புரட்டிவிட்டு, ஓரத்தில் 'வீட்டில் முயற்சி போதாது' என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

தம்பிராஜாவின் நோட்டு வேறு ஜாதி. பழுப்புத் தாளில் அட்டை, அதன் மேல் பெயர்ச் சீட்டு. உள்ளே சிவப்பு மையில் அளந்து போட்ட கோடுகள். வரிசை எண், தேதி, மணி, சொல், இடம், குறிப்பு. எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. முதல் இரண்டு வாரம் எல்லாக் கட்டத்திலும் 'ஒன்றுமில்லை' என்றே இருந்தது. மூன்றாவது வாரம் மூன்று சொல் வந்தது. நான் சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருந்தன. 'வாட்டர். இரவு 7.20. சாப்பாட்டு மேசையில். தெளிவாக.' 'கார். மாலை 5.05. வாசலில்.'

என் அறையில் மட்டும் பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"வீட்டில கதைக்கிறான். இங்க வந்தா வெக்கம்," என்பார் தம்பிராஜா.

அப்படிப்பட்ட பிள்ளைகளும் உண்டுதான். வீட்டில் கிளி மாதிரி பேசிவிட்டு வெளியே வந்தால் ஊமையாகிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே நம்பினேன். நம்புவதற்கு அந்தச் சிவப்புக் கோடுகளே போதுமாக இருந்தன.

ஜூலையில் கூட்டம் நடந்தது. மையத்தை நடத்துகிறவள் கிளாரிஸ்ஸா, என்னோடு சர்ச்சுக்கு வருகிறவள், நல்லவள்தான், ஆனால் பட்டியலைப் பார்த்தால் பதறுவாள்.

"முரியல், ஒரு சீட்டாவது காலி பண்ணனும் லா. வெளியே முப்பத்தோரு பிள்ளைங்க நிக்குது. யாரு நல்லா வந்திருக்கா, சொல்லு."

நான் கோகிலனின் நோட்டை மேசையில் வைத்தேன். அறுபத்து நான்கு சொற்கள். கிளாரிஸ்ஸா புரட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "ஐயோ, எல்லாப் பேரண்ட்ஸும் இப்படி இருந்தா நமக்கு வேலையே இல்ல லா!"

அறிக்கைப் படிவம் ஒன்று உண்டு. அதில் பிள்ளையின் சொற்களை எழுத இரண்டு கட்டங்கள். பயிற்சியாளர் தன் காதால் கேட்டவை ஒன்றில், குடும்பத்தார் சொன்னவை மற்றொன்றில். அன்று மதியமே உட்கார்ந்து அறுபத்து நான்கையும் ஏற்றிக் கையொப்பம் போட்டேன். இனி வாரா வாரம் வரத் தேவையில்லை, வீட்டிலேயே பழக்கட்டும், நான்கு மாதம் கழித்து ஒருமுறை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. கோகிலனின் வியாழக்கிழமை பத்து மணி அமராவதியின் மகளுக்குப் போயிற்று. அறிக்கையின் ஒரு பிரதி ரூபிணிக்குத் தபாலில் போயிற்று.

தம்பிராஜா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பள்ளிக்கூடத்தில பின் வாங்கில இருந்ததில்லை, பிள்ளை," என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. கிராணி கை கொடுத்துவிட்டாரே!

நவம்பர் பதின்மூன்று, வியாழக்கிழமை. மறுபார்வை நாள். தம்பிராஜாவுக்குச் செவ்வாயன்று கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அதனால் முதல்முறையாக ரூபிணி லீவு போட்டுப் பிள்ளையை அழைத்துவந்தாள். ஆபீஸ் அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. மாமனார் முந்தின இரவே எடுத்துக் கொடுத்த நோட்டைப் பத்திரமாக மேசையில் வைத்தாள்.

நான் சோப்புக் குமிழி விளையாட்டை ஆரம்பித்தேன். அது எங்கள் வழக்கம். நாலு குமிழி ஊதிக் காட்டிவிட்டு மூடியை இறுக்கி மூடிவிடுவோம். பிறகு காத்திருப்போம். வேண்டும் என்று பிள்ளை ஏதாவது ஒரு வழியில் கேட்கவேண்டும். ஒரு சொல், ஒரு சத்தம், ஒரு பார்வை, எதுவானாலும் சரி.

கோகிலன் என் மணிக்கட்டைப் பிடித்துப் போத்தலின் மேல் வைத்தான். நான் அசையவில்லை. மறுபடி வைத்தான். பத்து மாதத்துக்கு முன்னால் செய்த அதே வேலை, அதே மாதிரி. நான் காத்திருந்தேன். அவன் முகம் சிவந்தது. சட்டென்று தன் கையைத் தானே கடித்தான். கட்டை விரலுக்குக் கீழே தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. ரூபிணி பதறிப் போய் இழுத்தாள். அவள் சட்டைக் கை மேலே ஏற, முழங்கை வரைக்கும் பல் தடம். புதுசு, பழசு எல்லாம்.

"இது எப்பலேருந்து?" என்றேன்.

"ஆகஸ்ட்லேருந்து டீச்சர். அவனுக்கு என்னமோ வேணும், எங்களுக்குப் புரியல. கடிச்சிடுறான்."

"வாயாலதான் சொல்றானே. பபிள்கூடச் சொல்றான்னு நோட்டுல இருக்கே?"

"எங்க வீட்டில பபிளே இல்லையே டீச்சர்."

நோட்டைத் திறந்தேன். சமீபத்தில் எழுதிய பக்கத்தைத் தேடிப் புரட்டினேன். நவம்பர் பதின்மூன்று, அதாவது அன்றைய தேதி. 'காலை 8.15. குட் மார்னிங். வாசலில். தெளிவாக.'

"இன்னிக்குக் காலையில சொன்னானா?"

ரூபிணி எட்டிப் பார்த்தாள். "காலையில மாமா எழும்பவே இல்லையே. கண்ணில கட்டுப் போட்டிருக்கு."

பக்கத்தைத் திருப்பினேன். பதினான்காம் தேதி இருந்தது. பதினைந்து இருந்தது. பதினேழாம் தேதி இரண்டு சொல். இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை: 'ஃபிஷ். செகிஞ்சானில் மதியச் சாப்பாட்டின்போது. இரண்டு தடவை.' முப்பதாம் தேதி வரைக்கும் சிவப்புக் கோட்டுக்குள் சொற்கள் நிரம்பிக் கிடந்தன. கண் ஆப்பரேஷன் என்றால் சில வாரம் எழுத முடியாது அல்லவா? மனிதர் மாதக் கணக்கை முன்கூட்டியே முடித்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். இன்னும் வராத ஞாயிற்றுக்கிழமையில், இன்னும் போகாத செகிஞ்சான் கடற்கரையில், இன்னும் கடலை விட்டு வராத மீனைப் பார்த்துப் பிள்ளை பேசிவிட்டான்!

"சீ!" என்று கத்திவிட்டேன். "அடப் பாவி மனுஷா!" வாயில் கசப்பு ஊறியது. நிஜமாகவே எழுந்து போய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்தேன்.

ரூபிணி கத்தவில்லை. நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டிக்கொண்டே போனாள். மே மாதத்தில் நின்றாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. 'மே 14, புதன். காலை 10.40. அம்மா. தாயின் படத்தைப் பார்த்து.'

"இதுவுமா டீச்சர்?"

நான் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தேன்.

"தினமும் வேலை முடிஞ்சு வந்து இவன் முன்னால உக்காருவேன். அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு கெஞ்சுவேன். சொல்ல மாட்டான். படத்தைப் பாத்துச் சொல்றான், என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல மாட்டேங்கிறான்னு நெனச்சேன். நான் விட்டுட்டு வேலைக்குப் போறதால என் மேல கோவம்னு நெனச்சேன். வேலைய விடுறதுக்கு லெட்டர்கூட எழுதி வச்சிருக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொதித்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை தம்பிராஜா வருகிறார் என்று கிளாரிஸ்ஸா சொன்னபோது, "வரட்டும், நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். "மரியாதையாப் பேசு லா, வயசானவரு" என்று கெஞ்சினாள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கூடவே ரூபிணியும் பிள்ளையும். அன்றைக்கும் அதே ஓடிகோலோன் வாசம். இந்தத் தடவை நான் எழுந்திருக்கவில்லை. நோட்டை விரித்து அவர் முன்னால் தள்ளினேன்.

"இது என்னங்க ஐயா?"

குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கம் வரவேண்டுமே, வரவில்லை. "வரப்போறதைத்தானே எழுதினனான். இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கதைப்பான். எங்கட ஆபீசில மாச முடிவில புத்தகம் முடியாமல் இருந்ததே இல்லை."

"முதல் ரெண்டு வாரம் ஒழுங்காத்தானே எழுதினீங்க?"

"ஓம். ஒண்டுமில்லை எண்டுதான் எழுதினன். நீர்தான் முகத்தைச் சுளிச்சீர். 'ஒன்னுமே இல்லைங்களா ஐயா' எண்டு கேட்டீர். மூண்டு சொல்லு எழுதினன், கை தட்டினீர்."

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் அதற்கு மேல் அதைப் பேசவில்லை, வேறு காரியமாக வந்திருந்தார்.

"சரி, போனது போகட்டும். வியாழன் பத்து மணி எங்கட நேரம். அந்தத் தோட்டத்துப் பெட்டையை வேற நாளைக்கு மாத்தி விடும். அதுகளுக்கு இதெல்லாம் விளங்கப் போகுதே?"

ஆண்டவரே! எனக்குள் என்ன அறுந்ததோ தெரியாது.

"அதுகளா?" என்றேன். "அந்த அதுக தினம் தினம் 'ஒன்னும் சொல்லல'ன்னு எழுதுச்சு ஐயா. பென்சில்ல. வேகாத வெயில்ல காய் பொறுக்கிட்டு வந்து, எண்ணெய்க் கையோட, உள்ளத உள்ளபடி எழுதுச்சு. அதுல பத்துல ஒரு பங்கு நேர்மை உங்க சிவப்பு மையில இருக்கா? உங்க பேரன் பேச்சு வராம தன் கையையே கடிச்சுக்கிறான். பெத்தவ கையெல்லாம் புண்ணு. அதுக்கு ஏன் ஒரு நம்பர் போடல? காலை எட்டேகாலுக்குக் கடிச்சான், தெளிவாகன்னு எழுத வேண்டியதுதானே! நாலு மாசம் ஐயா. மூணு வயசுப் பிள்ளைக்கு நாலு மாசம். குடும்பக் கௌரவம் குடும்பக் கௌரவம்னு அத அப்படியே முழுங்கிட்டீங்க. த்தூ!"

சலவைக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். தம்பிராஜா கண்ணாடியைக் கழற்றினார். ஆப்பரேஷன் செய்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுகையா மருந்தா, எனக்கு அக்கறையில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை என்று இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு நானே தீர்ப்பும் சொன்னேன். அமராவதியின் மகளை யாரும் அசைக்க முடியாது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி என் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தைக் கோகிலனுக்குத் தருகிறேன். வாரா வாரம் வரட்டும். சொல் வரும்வரை காத்திருக்காமல், படத்தைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்குவோம், கடிப்பது குறையும். இதைச் சொல்லி முடித்தபோது கதவோரம் நின்ற கிளாரிஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் என்னைப் பற்றி ஒரு பெரிய மனுஷி நினைப்பு வந்துவிட்டது. என் அப்பா அன்றைக்குப் பெரட்டில் பேசாமல் திரும்பினார், நான் பேசிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது ரூபிணி கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். நாலாக மடித்து, திறந்து, மறுபடி மடித்து, மடிப்புகள் நைந்துபோயிருந்தன. ஜூலையில் நான் எழுதிய அறிக்கை.

"டீச்சர், ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க."

"மாமா எழுதினது பொய்யி. சரி. அத விட்டுட்டேன்." தாளை மேசையில் விரித்து, கையால் நீவி விட்டாள். "இது நீங்க எழுதினது. இதில ரெண்டு கட்டம் இருக்கு. அம்மாங்கிற சொல்லு, நீங்க காதால கேட்டதுங்கிற கட்டத்தில இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை, ஆசை இருந்தது.

"நீங்க கேட்டிருக்கீங்க. இத நான் பேக்லயே வச்சிருக்கேன். பஸ்ல போகும்போதெல்லாம் எடுத்துப் பாப்பேன். எப்படிச் சொன்னான் டீச்சர்? சத்தமாவா, மெதுவாவா? அவன் குரல் எப்படி இருந்துச்சு?"

அறுபத்து நான்கு சொற்களையும் நான் அந்தக் கட்டத்தில்தான் போட்டிருந்தேன். ஒன்றுகூட விடாமல். குடும்பம் சொன்னது என்ற கட்டத்தில் போட்டால் அந்த மனிதரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமே என்று கை கூசியது. கிராணி எழுதியதற்கு நான் யார் மறுபேச்சுப் பேச என்று உள்ளுக்குள் எதுவோ கைகட்டி நின்றது. என் கட்டம் நிரம்பினால்தான் சீட்டு சீக்கிரம் காலியாகும் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளை ஒரு சொல் பேசி என் காது கேட்டதில்லை. கேட்டதாக எழுதி, மணி மணியாகக் கையொப்பமும் போட்டேன்.

தம்பிராஜா கண்ணாடியை மாட்டாமல் அந்த ஒரு நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. ஒரு கிராணியை இன்னொரு கிராணிக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்குத் திருப்பித் திட்ட வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள் ரூபிணி.

"நான் கேக்கலம்மா."

"அன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே கேக்கல. நோட்டைப் பாத்து எழுதினேன்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு அதை நைந்த மடிப்புகளிலேயே மறுபடி மடித்தாள். கோகிலன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப யாருமே கேக்கல," என்றாள்.

வியாழக்கிழமை வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வேறு இடமிருந்தால் வந்திருக்கவும் மாட்டாள். ஒரு மணிக்குப் பிள்ளையோடு வந்தாள். தம்பிராஜா வரவில்லை. நான் அறிக்கையைத் திருத்தி எழுதி, பழையது தவறு என்று கிளாரிஸ்ஸாவிடம் கொடுத்து, அதன் பிரதியையும் எடுத்து வைத்திருந்தேன். ரூபிணி வாங்கிக்கொண்டாள், படிக்கவில்லை. முக்கால் மணி நேரம் குமிழிப் படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு கோகிலனோடு போராடினோம். ஒருமுறைதான் அட்டையைக் கையில் எடுத்தான், எடுத்து வாயில் வைத்தான்.

போகும்போது ரூபிணி பையிலிருந்து ஒரு புது நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தாள். அட்டை இல்லை, சிவப்புக் கோடு இல்லை. அவசரக் கையெழுத்து. 'கோகிலன் இன்று ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரும் எதையும் கேட்கவில்லை.' அதற்குக் கீழே எனக்கென்று ஒரு கோடு போட்டிருந்தாள்.

வாசித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பம் போட்டேன்.